வரேன்னு சொல்லிட்டேன்

என் மாமியாரை யாரும் எதற்கும் இரண்டு முறை அழைத்ததில்லை. அழைக்க வந்தவர் பேச்சை முடிப்பதற்குள் "வரேன்" என்று சொல்லிவிடுவார். கல்யாணம், காதுகுத்து, முனியாண்டி கோயில் படையல், சீன முதலாளித் தவுக்கேயின் கடைத் திறப்பு, யாரோ ஒரு பையனின் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம், எதுவானாலும் சரி. சொன்ன பிறகு போயே தீருவார். காய்ச்சல் அடித்தாலும் போவார், மலைப்பாதையில் மண் சரிந்திருந்தாலும் போவார். ஒரு தடவை, அழைத்தவனே மறந்துபோன பிறந்தநாளுக்குப் போய் அவனை எழுப்பி உட்கார வைத்துவிட்டு வந்தவர் அவர்.

நான் கிள்ளான்காரி. எங்கள் பக்கத்தில் அழைப்பு வந்தால் "பார்க்கலாம்" என்போம். அந்தச் சொல்லுக்கு வரமாட்டோம் என்று அர்த்தம் என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும், யாருக்கும் மனக்கசப்பு இல்லை. இவருக்கு அந்த வசதியான சொல்லே தெரியாது. கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீட்டில் பிறந்து, அதே வரிசையில் நான்கு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டு, முப்பத்தேழு வருடம் கொழுந்து எடுத்தவர். லயத்தில் அழைப்பு என்பது வாசலில் வந்து நின்று, குங்குமச் சிமிழை நீட்டி, ஆளைப் பார்த்துச் சொல்வது. பார்த்துச் சொன்னவருக்குப் பார்த்தே பதில் சொல்ல வேண்டும். அதில் ஒளிந்துகொள்ள இடம் ஏது?

போகும்போது கையில் ஒரு எவர்சில்வர் தட்டு இருக்கும். விளிம்பில் அவர் பெயர் வெட்டியிருக்கும். நாலு வாழைப்பழம், இரண்டு ஆரஞ்சு, வெற்றிலை பாக்கு, கொஞ்சம் பூ. வெறுங்கையோடு எந்த வாசலையும் அவர் மிதித்ததில்லை.

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். கூட வாழ்ந்து பார்த்தால் தெரியும். என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டில் நூற்றைம்பது பேர் என்று சொல்லியிருந்தார்கள். காலையில் மண்டபத்து வாசலில் மூன்று லோரி வந்து நின்றது. லயத்துச் சனம் மொத்தமும், திரிங்காப் காய்கறித் தோட்டத்து ஆட்களும், வங்காளதேசத்துப் பையன்கள் பதினொரு பேரும், லோரி ஓட்டி வந்தவரின் மச்சானும் இறங்கினார்கள். பதினொரு மணிக்கெல்லாம் சோறு தீர்ந்துவிட்டது. கல்யாணப் பெண்ணான நான் அன்று மத்தியானம் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றேன். பல வருடம் அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். அவர் கொஞ்சமும் அசரமாட்டார். "ஊருல எத்தன கல்யாணம் நடந்துச்சு, உன் கல்யாணத்தத்தாம்மா இன்னும் பேசுறாங்க" என்பார். பேசமாட்டார்களா பின்னே.

ஆனால் ஒரு கதையை மட்டும் நான் அவரிடம் சொல்லிக் காட்டியதில்லை. அதைச் சொன்னவர் என் வீட்டுக்காரர். மாமா இறந்து காரியமெல்லாம் முடிந்து, அத்தை முதன்முதலாக வேலைக்குத் திரும்பிய காலை. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போயிருக்கிறார். பதிவேடு எழுதும் கிராணி பெயரை எழுத மாட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு வருடம் கழித்து அதே கிராணி தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க லயத்துக்கு வந்தார். இவர் தட்டோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்து பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டு வந்தார். அப்போது பதினைந்து வயதிலிருந்த என் வீட்டுக்காரர் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லையாம்.

"நீ அவரு மொகத்தப் பாக்கலடா" என்றாராம் அத்தை. "உள்ள வரலாமா வேணாமான்னு வாசல்லயே நின்னாரு. எங்கிட்ட வந்து நிக்க வேண்டியதாச்சேன்னு அவருக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு. அது போதும், விடு."

விடு என்றால் எல்லாவற்றையும் விட முடியுமா? ஒருமுறை அத்தை எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது தண்ணீர் வடிகட்டி விற்கும் பையன் ஒருவன் கதவைத் தட்டினான். நான் வேலையிலிருந்து திரும்பியபோது சமையலறையில் புது வடிகட்டி நீலவிளக்கு எரிய நின்றது. மூன்று வருடத் தவணை. "ஒரு மணி நேரம் வேர்க்க வேர்க்கப் பேசினான்மா. பசியாறவும் இல்ல. வேணாம்னு எப்பிடி மொகத்துக்கு நேரா சொல்றது?" என்றார். அதுதான் அவர் நோய். யார் முகத்தைப் பார்த்தும் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வராது.

அதனால்தான் அந்த வருடம் எனக்கு அவ்வளவு பயம். அத்தைக்கு வேலை முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. வேலை முடிந்தால் லயத்து வீட்டைத் தோட்டத்திடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சேமநிதிப் பணம் கைக்கு வந்திருந்தது. மலையடிவாரத்துத் தாப்பாவில் மலிவு விலையில் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தோம். இரண்டு அறை, பின்னால் ஒரு முருங்கைமரம். முன்பணம் கட்டிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அத்தையோ நழுவிக்கொண்டே இருந்தார். இந்த மாசம் வேணாம், ஆடி முடியட்டும், வக்கீலுக்கு உடம்பு சரியில்லையாமே. ஒருநாள் நான் பிடித்து உலுக்கிக் கேட்டபோதுதான் உண்மை வந்தது.

"தாப்பாவுல என்னைய யாரும்மா கூப்புடப் போறா? ஒரு சனத்த எனக்குத் தெரியாது."

எனக்குக் கோபம்தான் வந்தது. தலைக்குமேல் கூரை இல்லாமல் போகிறதே என்று நாங்கள் தவிக்கிறோம், இவர் பத்திரிகை வராதே என்று கவலைப்படுகிறார்.

அந்த நேரத்தில்தான் பள்ளி விடுமுறைக்கு மலைக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் வேலை செய்யும் கம்பெனியில் பிரிஞ்சாங் ஹோட்டல் ஒன்றில் இரண்டு இரவு இலவசமாகக் கொடுத்தார்கள். அத்தையையும் லயத்திலிருந்து கூட்டிக்கொண்டோம். கெரெட்டா ஓட்டினால் இருபது நிமிடம். பிறந்து வளர்ந்த மலையிலேயே சுற்றுலாப் பயணியாகத் தங்கினார். வரும்போது சொந்தக் கம்பளி, ஃபிளாஸ்க், அந்தத் தட்டு. "ஹோட்டலுக்கு எதுக்கு அத்தை தட்டு?" என்றேன். "இருக்கட்டுமே" என்றார்.

முதல்நாள் சாயங்காலம் வரவேற்பறையில் ஒரு பெண் எங்களை மடக்கினாள். இருபத்திரண்டு வயது இருக்கும். கழுத்தில் ஸ்கார்ஃப், கையில் அட்டைக் கட்டு. தமிழ்ப் பெண், கம்போங் ராஜா பக்கம் வீடு. நாளைக் காலை பத்து மணிக்கு மேல்மாடியில் ஒரு விளக்கக் கூட்டம், ஒன்றரை மணி நேரம்தான், வந்தால் தண்ணீர் சுட வைக்கும் மின்சாரக் கேத்தல் பரிசு. எனக்கு அந்த வியாபாரம் தெரியும். வருடத்தில் ஒரு வாரம் மட்டும் தங்கிக்கொள்ளும் உரிமையை வீடு மாதிரி விற்பார்கள். முதலில் ஒரு பெருந்தொகை, பிறகு வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம். என் அலுவலகத்தில் ஒருத்தி வாங்கிவிட்டு இன்னும் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். "பார்க்கலாம்" என்று சொல்லி நான் லிஃப்டைப் பார்த்து நடந்தேன்.

அந்தப் பெண் அத்தை பக்கம் திரும்பி, அட்டையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அம்மா, நீங்க கண்டிப்பா வரணும்மா."

"வரேன்மா. பசியாறிட்டியா நீ?"

முடிந்தது கதை.

அன்று அறையில் பெரிய சண்டை. "அத்தை, அது விசேஷம் இல்ல, வியாபாரம்லா! உங்க காச உருவத்தான் கூப்புடறாங்க" என்றேன். "கூப்புட்ட பிள்ள நல்ல பிள்ளம்மா. அஞ்சு குடும்பத்தயாச்சும் வர வைக்கணுமாம், இல்லன்னா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களாம். மூணுதான் சேந்திருக்காம்" என்றார். பத்து நிமிடத்தில் அவள் கதை முழுவதையும் கேட்டு வைத்திருந்தார். பதிலுக்குத் தன் கதையையும் சொல்லியிருந்தார், சேமநிதிப் பணம் வந்தது உட்பட! வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார். அவர் அம்மா விஷயத்தில் எப்போதும் அப்படித்தான்.

காலையில் எல்லோரையும் சீக்கிரமே கிளப்பிக்கொண்டு ஸ்ட்ராபெரித் தோட்டத்துக்குப் போய்விடுவது என்பது என் திட்டம். ஏழு மணிக்கு எழுந்தால் அத்தையைக் காணோம். கொஞ்ச நேரத்தில் பாசாரில் ஏதோ வாங்கிக்கொண்டு நடந்து வந்தார். அரக்குப் பட்டுச்சேலை, நெற்றியில் விபூதி, கையில் தட்டு. வாழைப்பழம், ஆரஞ்சு, வெற்றிலை பாக்கு, ஒரு கொத்துச் செவ்வந்தி. வங்கி அட்டை இருக்கும் சிவப்புப் பர்ஸை இடுப்பில் செருகியிருந்தார். அந்தக் கோலத்தைப் பார்த்த பிறகு என்ன சண்டை போடுவது? "நானும் வரேன்" என்றேன். காவலுக்குத்தான்.

மேல்மாடி அறையில் பலூன் கட்டிப் பாட்டுப் போட்டிருந்தார்கள். சின்னச் சின்ன வட்ட மேசைகள். அத்தை நேராகப் போய், கோட் போட்டு நின்ற மேலாளரிடம் தட்டை நீட்டினார். தமிழர்தான், நாற்பது வயது இருக்கும். அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இத்தனை வருடத்தில் அந்தக் கூட்டத்துக்குப் பழத்தட்டோடு யார் வந்திருப்பார்கள்? தட்டை வாங்கி ஒலிபெருக்கிப் பெட்டி மேல் வைத்தார், சரியில்லை என்று எடுத்தார், கடைசியில் பரிசுக் கேத்தல்களுக்கு நடுவில் வைத்தார். ஒவ்வொரு முறை யாராவது கையெழுத்துப் போட்டதும் மணி அடித்தார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் அத்தை. பக்கத்து மேசைக்குப் போய் "நல்லா இருங்க" என்று வாழ்த்திவிட்டும் வந்தார்.

எங்கள் மேசைக்கு மேலாளரே வந்து உட்கார்ந்தார். அந்தப் பெண் பின்னால் நின்றாள். அவர் என்னைப் பார்க்கவேயில்லை, அத்தையை மட்டும் பார்த்தார்.

"அம்மா, காலம் பூரா ஒழைச்சிட்டீங்க. உங்களுக்குன்னு ஒரு ரெஸ்ட் வேணாமா?"

வியாபாரப் பேச்சுதான், அவர் ஒரு நாளைக்குப் பத்து பேரிடம் சொல்வது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. எங்களில் ஒருவரும் அந்தக் கேள்வியை அத்தையிடம் கேட்டதில்லை. அத்தையின் கண் கலங்கிவிட்டது. போச்சு, கையெழுத்துப் போடப்போகிறார் என்று நினைத்தேன்.

மேலாளர் ஒரு படத்தைக் காட்டினார். பால்கனி, இரண்டு நாற்காலி, எதிரே தேயிலை மலை. "காலையில காப்பியோட இங்க உக்காந்தா, முழு டீ வியூ உங்களுக்குத்தான்."

அத்தை படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார். "இது எங்க ஒன்பதாம் நம்பர் மலையாச்சே. அந்தப் பாறைய பாருங்க, அங்கதான் நாங்க சோத்துக்கு உக்காருவோம். அட்டை ஜாஸ்தி தம்பி, கால்ல ஏறிடும், பாத்து."

மேலாளர் சிரித்துவிட்டுப் படிவத்தை நகர்த்தினார். பேனாவைக் கையில் கொடுத்தார். அத்தை வாங்கிக்கொண்டார். மேசைக்கு அடியில் அவர் முழங்காலைக் கிள்ளினேன். அசையவில்லை.

"ஒரு வாரம்னா, அந்த ஒரு வாரம் என் வீடுதானே?"

"உங்க வீடுதாம்மா."

"வாசல்ல மாவெல கட்டலாமா?"

"அது... ஒட்டக்கூடாதும்மா. பெயிண்ட் போயிடும்."

"சாம்பிராணி?"

"புகை வந்தா அலாரம் அடிக்கும்மா."

"சரி போவட்டும். லயத்துச் சனத்த ஒருநா சாப்பாட்டுக்குக் கூப்புடலாமில்ல? ஒரு நாப்பது பேரு வருவாங்க."

மேலாளர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். "நாலு பேருக்குத்தாம்மா அனுமதி. வெளியாளுங்கள உள்ள விடமாட்டாங்க. ஆனா பாருங்க, நிம்மதியா..."

அத்தை பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினார்.

"வேணாம் தம்பி."

என் காதையே நான் நம்பவில்லை. ஒரு ஆளின் முகத்தைப் பார்த்து அவர் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

"கோவிச்சுக்காதீங்க. லயத்து வீடும் எனக்குச் சொந்தமில்ல, தொரை வீடுதான். ஆனா யார கூப்புட்ட, எத்தன பேரு வந்தாங்கன்னு எந்தத் தொரையும் கேட்டதில்ல. நாலு சனத்தக் கூப்புட முடியாத வீட்ட வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது?"

மேலாளரின் சிரிப்பு போய்விட்டது. எழுந்து, அந்தப் பெண்ணிடம் மலாய் மொழியில் ஏதோ கடிந்து சொன்னார். ஆள் பார்த்துக் கூட்டி வரத் தெரியாதா என்பது மாதிரி. அவளுக்கு முகம் சிவந்து உதடு துடித்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது, அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன். அத்தை வரவில்லை. பர்ஸைத் திறந்தார். வங்கி அட்டையை எடுக்கிறாரோ என்று எனக்கு உயிரே போயிற்று. எடுத்தது குங்குமச் சிமிழ். தான் இட்டுக்கொள்ளாவிட்டாலும், மற்றவர்களை அழைக்க அது எப்போதும் அவரிடம் இருக்கும்.

அந்தப் பெண் முன்னால் போய் நின்று சிமிழை நீட்டினார். "கண்ணு, தாப்பாவுல நான் வீடு வாங்கியிருக்கேன். ஆவணி பொறந்ததும் பால் காய்ச்சுறேன். நீ கண்டிப்பா வரணும்." பிறகு மேலாளர் பக்கம் திரும்பினார். "நீங்களும் வரணும் தம்பி. குடும்பத்தோட வாங்க."

மேலாளர் கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு மெல்ல, "வரேம்மா" என்றார்.

வெளியே நடைபாதைக்கு வந்ததும் வெடித்தேன். "எந்த வீட்ட வாங்கினீங்க அத்தை? ஒரு காகிதத்துல கூட இன்னும் கையெழுத்துப் போடல!"

"கூப்புட்டுட்டேனேம்மா" என்றார். அவருக்கே கொஞ்சம் திகைப்பாக இருந்தது. "இனிமே அந்த வீடு இல்லாம எப்பிடி? உன் புருசனக் கெளம்பச் சொல்லு, தாப்பா வக்கீலப் பாத்துட்டு வந்துருவோம்."

ஆறு மாதமாக நாங்கள் கெஞ்சியும் நடக்காதது அப்படித்தான் நடந்தது. நான் நடைபாதையிலேயே நின்று அழுதேன், சிரித்தேன், இரண்டும் சேர்ந்து வந்தது. தட்டை மேலேயே மறந்துவிட்டோம் என்பது மலையிறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

பால் காய்ச்சிய அன்று லயம் முழுக்க இரண்டு லோரியில் வந்து இறங்கியது. இந்த முறை இருநூறு பேருக்குச் சமைக்கச் சொல்லியிருந்தேன், எனக்கும் புத்தி வந்திருந்ததே. பதினொரு மணிக்கு அந்தப் பெண் பஸ்ஸில் வந்தாள். அந்த வேலை போய், திரிங்காப்பில் பூத்தோட்டம் ஒன்றில் இருந்தாள். கையில் அத்தையின் தட்டு. அதில் நிறைய மஞ்சள் செவ்வந்தி. "மேனேஜர் வரலியா?" என்றார் அத்தை. அவளுக்குத் தெரியவில்லை. அத்தை ஒரு இலையில் எல்லாவற்றையும் பரிமாறி, இன்னொரு இலையால் மூடி, அடுக்களை மேடையில் வைத்தார். "வரேன்னு சொன்னாருல்ல" என்றார். சாயங்காலம்வரை யாரையும் அதைத் தொட விடவில்லை.

அந்த வீட்டில் மூன்று வருடம் இருந்தார். மூன்றே வருடம். ஒருநாள் விடிகாலையில் முருங்கைமரத்தடியில் சருகு கூட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

புது இடம், யார் வரப்போகிறார்கள் என்று முப்பது நாற்காலி வாடகைக்கு எடுத்தேன். பத்து மணிக்குள் தெரு நிறைந்து, சனம் மழையில் குடையோடு நின்றது. தாப்பாவில் அவரைத் தெரியாதவர்கள் யார் என்று தேட வேண்டியிருந்தது. சாவு வீட்டில் யாரையும் வாங்க என்று சொல்லக்கூடாது. நான் வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தேன். வாழ்நாள் முழுக்க அழைத்தும் அழைக்கப்பட்டும் இருந்த மனுஷியின் வாசலில், ஒரு வார்த்தை சொல்ல முடியாமல்.

மத்தியானம் அந்தப் பூத்தோட்டத்துப் பெண் வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். கோட் இல்லாததால் உடனே அடையாளம் தெரியவில்லை. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. நான் அவரிடம் போனேன்.

"அன்னைக்கு வரேன்னு சொல்லிட்டு வரல" என்றார். "வெறும் வாய் வார்த்தைக்கு கூப்புடறாங்கன்னு நெனச்சிட்டேன்."

"உங்களுக்கு எலை போட்டு வச்சிருந்தாங்க" என்றேன். "சாயங்காலம் வரைக்கும்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.